பஞ்சார், தீர்த்தன் பள்ளத்தாக்கு: தூண்டில் வாங்குமுன், முன்பணம் கட்டுமுன்

இமாசலப் பிரதேசம் குல்லு மாவட்டத்தில் இருக்கும் சிறிய மலை நகரம் பஞ்சார். அதை ஒட்டி ஓடும் தீர்த்தன் ஆறு டிரவுட் மீனுக்குப் பெயர் போனது. மேலே ஜலோரி கணவாயும் பெரிய இமாலய தேசியப் பூங்காவும் இருப்பதால் நடைப்பயணம் போகிறவர்களும் அங்கே வருகிறார்கள். இந்தப் பயணத்துக்காகப் பொருள் வாங்குவது, பணம் கட்டுவது பற்றி வந்த கேள்விகள் இங்கே.

ஏப்ரல் கடைசியில் போகிறோம். ஆன்லைனில் கோல், ரீல், 30 செயற்கை இரை எல்லாம் சேர்ந்த 'ஃபிஷிங் கிட்' பார்த்தேன். வாங்கலாமா?

வேண்டாம். இப்படிப்பட்ட கிட்களில் பெரும்பாலானவை கடலுக்கும் ஏரிக்கும் ஆனவை. கோலின் அடிப்பகுதியில் 'லூர் வெயிட்' (அந்தக் கோலால் வீசக்கூடிய இரையின் எடை) என்று ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். 10–30 கிராம் என்று இருந்தால் அது தீர்த்தனுக்கு உதவாது. டிரவுட்டுக்குப் போடும் ஸ்பின்னர் (நீரில் சுழலும் உலோக இரை) மூன்று முதல் ஐந்து கிராம்தான் இருக்கும். அந்த எடைக்குக் கனத்த கோல் வளையாது, வளையாத கோலால் இரையைத் தூரம் வீச முடியாது.

உங்களுக்கு வேண்டியது ஆறு முதல் ஆறரை அடிக் கோல், லூர் வெயிட் 2–10 கிராம். ரீல் 1000 அல்லது 2000 அளவு. நரம்பு, அதாவது தூண்டில் நூல், 0.18 அல்லது 0.20 மி.மீ. மோனோ (ஒற்றை இழை). கிட்டோடு வரும் 0.35, 0.40 மி.மீ. நரம்பு தெளிந்த நீரில் மீன் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். குளிரில் விறைத்து ரீலிலிருந்து சுருள் சுருளாகவும் வரும். இரையில் 1, 2 எண் ஸ்பின்னர் நான்கும், ஐந்து முதல் ஏழு கிராம் எடையுள்ள ஸ்பூன் (கரண்டி வடிவ உலோக இரை) இரண்டும் போதும். பாறை இடுக்கில் ஒன்றிரண்டு போய்விடும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கிட்டில் வரும் முப்பது இரையும் படத்தில் நன்றாக இருக்கும், ஆனால் மெல்லிய கம்பியில் செய்த முள் முதல் இழுவையிலேயே விரிந்துவிடும். மூன்று முள் கொத்தைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டுங்கள். அதன் நுனிக்குக் கீழே இருக்கும் எதிர்க்கொக்கியைக் குறடால் அழுத்தித் தட்டையாக்குங்கள். சின்ன மீனைக் காயமில்லாமல் திருப்பி விடலாம், உங்கள் விரலில் ஏறினாலும் எளிதாக வரும்.

ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கும் டெலஸ்கோபிக் கோல் பெட்டியில் அடங்கும் என்பது மட்டும்தான் அதன் நன்மை. ஆற்று மணல் ஒரு துளி மூட்டில் புகுந்தால் மடக்க வராது. நான்கு துண்டாகக் கழற்றும் டிராவல் கோல் நல்லது. விமானத்தில் போவதாக இருந்தால் முள்ளையும் குறட்டையும் செக்-இன் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

ஒரே ஒரு பயணம்தான் என்றால் வாங்கவே வேண்டாம். தீர்த்தன் பள்ளத்தாக்கின் குஷைனி, நாக்னி கிராமங்கள் பக்கம் ஹோம்ஸ்டேக்காரர்கள் பலர் கோல் வாடகைக்குத் தருகிறார்கள். வாங்கும்போது ஒரு துணுக்குப் பஞ்சைக் கோலின் வளையங்களுக்குள் ஓட்டிப் பாருங்கள். பஞ்சு எங்காவது மாட்டினால் வளையத்தின் உள்பூச்சு விரிசல் விட்டிருக்கிறது, அது நரம்பை அறுத்துவிடும். நரம்பில் ஒரு முடிச்சுப் போட்டுக் கையால் இழுத்துப் பாருங்கள். பட்டென்று அறுந்தால் வெயிலில் கெட்ட பழைய நரம்பு, மாற்றித் தரச் சொல்லுங்கள்.

ஏப்ரல் கடைசி என்றீர்கள். பனி உருகத் தொடங்கும் காலம் அது. பகல் ஏற ஏற ஆறு கலங்கி வேகமெடுக்கும், விடிகாலையில் போய்விடுங்கள். நீர் தெளிவாக வேண்டுமென்றால் மார்ச் முதல் ஏப்ரல் நடு வரை, அல்லது செப்டம்பர் கடைசியும் அக்டோபரும்.

'லைசன்ஸ் எல்லாம் பேக்கேஜிலேயே இருக்கு' என்கிறார் விடுதிக்காரர். அது போதுமா?

போதாது. தாளைக் கையில் வாங்குங்கள். மீன்வளத் துறை தரும் அனுமதி ஒரு ஆளுக்கு, ஒரு நாளுக்கு. உங்கள் பெயரும் தேதியும் அதில் இருக்க வேண்டும். நான்கு பேர் தூண்டில் போட்டால் நான்கு அனுமதி. எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம், எந்த அளவுக்குக் கீழே திருப்பி விடவேண்டும் என்பதை அனுமதி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் சிறியதுதான். ஆனால் அது இல்லாமல் பிடிபட்டால் அபராதம் உங்களுக்கு, விடுதிக்காரருக்கு அல்ல.

நவம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை டிரவுட் பிடிக்கத் தடை, அது முட்டையிடும் காலம். டிசம்பரில் 'ஃபிஷிங் பேக்கேஜ்' என்று யாராவது விற்றால், அந்த ஒரு வரியே அவர்களைப் பற்றிச் சொல்லிவிடும்.

உணவகத்தில் 'ஆற்று டிரவுட்' என்று கூடுதல் விலை கேட்கிறார்கள். உண்மையில் ஆற்று மீனா?

கிட்டத்தட்ட எப்போதும் பண்ணை மீன்தான். ஆற்றில் இருப்பது பழுப்பு டிரவுட். ஆங்கிலேயர் காலத்தில், 1909 வாக்கில், குல்லுப் பகுதிக்குக் கொண்டுவரப்பட்ட இனம். பண்ணைகளில் வளர்ப்பது பெரும்பாலும் வானவில் டிரவுட். பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டையும் வால் முழுக்கக் கரும்புள்ளியும் இருந்தால் அது வானவில். பழுப்பு இனத்தின் உடலில் வெளிர் வளையத்துக்குள் சிவப்புப் புள்ளிகள் தெரியும். பண்ணை மீன் மட்டமானதல்ல, ஆற்று மீன் விலையில் அதை வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

பண்ணையிலேயே வாங்கலாம், ஹாம்னியில் அரசுப் பண்ணை இருக்கிறது. உணவகத்திலோ பண்ணையிலோ, விலை முழு மீன் எடைக்கா, குடல் நீக்கிய எடைக்கா என்று முதலில் கேளுங்கள். சுத்தம் செய்தால் ஐந்தில் ஒரு பங்கு வரை குறையும். செவுள் சிவப்பாக, கண் மேடாக, தோல் வழவழப்பாக இருக்க வேண்டும்.

'தேசியப் பூங்கா ட்ரெக்' என்று ஒருநாள் நடைக்குப் பணம் கேட்கிறார்கள். நியாயமா?

எந்த ஊர் வரை என்று கேளுங்கள். 2014-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த பூங்கா அது, ஆனால் குஷைனியிலிருந்து அதன் வாசலுக்கே எட்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். ஒருநாள் நடைகளில் பல, பூங்காவுக்கு வெளியே இருக்கும் கிராமப் பகுதியிலேயே முடிந்துவிடும். அதற்குப் பூங்கா அனுமதி தேவையில்லை, பூங்காக் கட்டணம் வசூலிக்கவும் கூடாது. உள்ளே போவதானால் வனத்துறை அனுமதி தனி, சாய் ரோப்பாவில் இருக்கும் பூங்கா அலுவலகத்தில் கேட்கலாம். மீன்பிடி அனுமதி அங்கே செல்லாது, இரண்டும் வேறு துறை.

செலவில்லாமல் நல்ல நடை வேண்டுமா? 3,120 மீட்டர் உயர ஜலோரி கணவாயிலிருந்து செரோல்சர் ஏரி ஐந்து கிலோமீட்டர். பாதை தெளிவாக இருக்கும், பனி இல்லாத மாதங்களில் வழிகாட்டி இல்லாமலே போகலாம்.

ஆறு வருடத்துக்கு முன் வாங்கிய ட்ரெக்கிங் ஷூ, இரண்டு முறைதான் போட்டேன். அதையே போடலாமா?

பார்க்கப் புதிதாக இருந்தாலும் நம்ப வேண்டாம். பல ஷூக்களின் நடு அடிப்பாகம் பாலியூரிதேன். காற்றின் ஈரப்பதத்திலேயே அது மெல்ல மெல்லச் சிதையும். போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் சிதையும், கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். பாதி வழியில் அடிப்பாகம் வாய் பிளந்து முழுதாகக் கழன்று வரும். கட்டைவிரலால் நடு அடிப்பாகத்தை அழுத்துங்கள், வளைத்துப் பாருங்கள். வெடிப்போ பொடியோ தெரிந்தால் வீசிவிடுங்கள், பசை போட்டும் பயனில்லை.

புதிதாக வாங்கினால் மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், தடித்த காலுறையோடு போட்டுப் பாருங்கள். சரிவான பலகையில் இறங்கி நிற்கும்போது விரல் முன்னே முட்டக் கூடாது. முட்டினால் ஜலோரி இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். குறைந்தது இரண்டு வாரம் ஊரிலேயே போட்டு நடந்து பழக்குங்கள். ஆற்றுக்கு இந்த ஷூ வேண்டாம், பாசிக் கல்லில் எந்த ரப்பரும் வழுக்கும். கரைக் கல்லில் நின்றே வீசுங்கள்.

கீழே லார்ஜி அணைக்கு அப்பால், தலோட் பக்கம், பியாஸ் ஆற்றில் படம் எடுக்கக்கூட இறங்காதீர்கள். 2014 ஜூனில் அணை நீர் திடீரென்று திறக்கப்பட்டு, ஹைதராபாத்திலிருந்து வந்த 24 மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்ட இடம் அது.

ஜூலைக்கு ஹோம்ஸ்டே பதிவு செய்து முழுப் பணமும் கட்டிவிட்டேன். மழையில் சாலை அடைத்தால் பணம் திரும்ப வருமா?

நீங்கள் என்ன பேசி வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜூலையும் ஆகஸ்டும் நிலச்சரிவுக் காலம், 2023 ஜூலை வெள்ளத்தில் குல்லு மாவட்டம் பட்ட பாடு தெரிந்ததே. விடுதியே அறை தர முடியாத நிலையில் பணத்தைத் திருப்பித் தந்துதான் ஆக வேண்டும். விடுதி திறந்திருக்கிறது, உங்களால் வரமுடியவில்லை என்றால் வழக்கு பலவீனம். அதனால் இப்போதே வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்புங்கள்: 'அவுட் ஊர் முதல் குஷைனி வரை சாலை அடைத்தால் பணம் திரும்பத் தருவீர்களா, தேதி மாற்றுவீர்களா?' பதில் எழுத்தில் வரட்டும், தொலைபேசியில் சொன்னால் நிற்காது. அடுத்த முறை கால் பங்குக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள், சுற்றுலாத் துறைப் பதிவு எண்ணையும் கேளுங்கள்.

தர மறுத்தால்: முதலில் தேதியோடு எழுத்தில் கேளுங்கள், சாலை அடைப்பு பற்றிய மாவட்ட நிர்வாக அறிவிப்பைச் சேமித்து வையுங்கள். பிறகு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், குல்லு வரை போக வேண்டாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இணையம் வழியாகவே தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.