ஈயின் ஆயுளும் மாமாவின் மாத்திரையும்

கேள்வி: கனடாவிலிருந்து வந்த மாமா தந்த சத்துமாத்திரைப் போத்தலோடு இருந்த துண்டில், அதிலுள்ள பொருள் ஈக்களின் ஆயுளை 30 சதவீதம் கூட்டியதாக எழுதியிருக்கிறது. அம்மம்மாவுக்குக் கொடுக்கலாமா? முருங்கையிலைத் தூளை வைத்து இப்படியொரு பரிசோதனையை நானும் செய்யலாமா?
(உயர்தர உயிரியல் மாணவி, முழங்காவில்)

பதில்: பழ ஈ என்றதும் நம் தோட்டக்காரர் பாகற்காயையும் கொய்யாவையும் குத்திப் பழுதாக்கும் ஈயையே நினைப்பார். ஆய்வுகூடங்களில் வளர்ப்பது அதுவன்று. கனிந்து கறுத்த கதலிப்பழத்தையும் கள்ளு முட்டியையும் சுற்றிவரும், 3 மில்லிமீற்றர் அளவான, சிவந்த கண்ணுடைய துரோசோபிலா என்னும் சிற்றீ. 25 பாகை செல்சியஸில் சுமார் 10 நாளில் முட்டை முழு ஈயாகி, நல்ல பராமரிப்பில் இரண்டு, மூன்று மாதம் வாழ்வதால், மனிதரில் ஒரு வாழ்நாள் முழுவதும் காத்திருக்க வேண்டிய கேள்வியை இதனிடம் ஒரு தவணைக்குள் கேட்டுவிடலாம்.

30 சதவீதம் என்பது எந்த ஈக்களோடு ஒப்பிட்ட கணக்கு என்று அந்தத் துண்டு சொல்கிறதா? மாத்திரை பெறாத ஈக்கள் பராமரிப்புக் குறைவால் ஒரே மாதத்தில் இறந்திருந்தால், உணவில் பூஞ்சணம் பிடிக்காமல் தடுக்கும் எந்தப் பொருளும் ஆயுளைக் கூட்டியதாகவே தோன்றும். திராட்சைத் தோலிலுள்ள ரெஸ்வெரட்ரோல் ஈக்களின் ஆயுளை நீட்டுவதாக 2004இல் வெளிவந்த முடிவு, 2007இல் இலண்டன் ஆய்வாளர்கள் மீளச் செய்துபார்த்தபோது நிலைக்கவில்லை. ரபாமைசின் சுண்டெலிகளிலும் ஈக்களிலும் ஆயுளை நீட்டியது உண்மை. ஆனால் அது உறுப்பு மாற்றியோருக்கு நோயெதிர்ப்பை அடக்கக் கொடுக்கும் மருந்து, சத்துமாத்திரை அன்று.

உங்கள் பரிசோதனையைத் தாராளமாகச் செய்யலாம். சோளமா, சீனி, மதுவம், ஏகார் சேர்த்துக் காய்ச்சிய உணவில் பாதிக்கு மட்டும் தூளைக் கலந்து, ஒரே நாளில் வெளிவந்த ஈக்களை ஆண், பெண் பிரித்துப் போத்தலுக்கு 20ஆக விடுங்கள். ஒவ்வோர் உணவுக்கும் 100 ஈயாவது வேண்டும். புணர்ச்சி பெண் ஈயின் ஆயுளைக் குறைக்கும் என்பதால் பிரிப்பதில் சோம்பல் கூடாது. இரண்டு, மூன்று நாளுக்கொருமுறை புது உணவுக்கு மாற்றி, இறந்தவற்றை எண்ணிக் குறித்து, தப்பிப் பறந்தவற்றை இறந்தவையாகக் கணக்கிடாமல் தனியே எழுதுங்கள். வன்னி வெயிலில் தகரக் கூரையின் கீழ் வைத்தால் முருங்கைக்கு வேலையே இராது, வெப்பமே ஆயுளைத் தீர்மானித்துவிடும். குளிர்ந்த அறையில் இருவகைப் போத்தல்களையும் கலந்து அடுக்கி, அடிக்கடி இடம் மாற்றுங்கள்.

பலரும் சறுக்குமிடம் வேறு. தூளின் சுவை பிடிக்காத ஈ குறைவாக உண்ணும். உணவை ஓரளவு குறைப்பதே இந்த ஈயின் ஆயுளை நீட்டும் என்பது பலமுறை காட்டப்பட்டிருக்கிறது. நீட்டியது முருங்கையா, அரைப்பட்டினியா? கேக்குக்கு இடும் நீல நிறமூட்டியை இருவகை உணவிலும் ஒரே அளவாக ஒருநாள் கலந்து, மறுநாள் போத்தற் சுவரில் ஈக்கள் இட்ட எச்சப் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். ஒரு வகையில் புள்ளிகள் பாதியாக இருந்தால், ஆயுள் கூடியதென்று எழுதுவதற்கு முன் அதை எழுத வேண்டும்.

அம்மம்மாவின் கதை வேறு. வளர்ந்த ஈயின் உடற்கலங்களிற் பெரும்பாலானவை பிரிவதில்லை. நம்முடையவற்றில் பல வாழ்நாள் முழுதும் பிரிகின்றன. ஆகவே ஈயில் கண்ட பலன் நமக்கும் அப்படியே பொருந்துமென்று கொள்ள முடியாது. அவர் இரத்த அழுத்தத்துக்கோ சீனி வருத்தத்துக்கோ மருந்தெடுப்பவராயின், போத்தலைத் திறக்காமலே அடுத்த கிளினிக் நாளில் வைத்தியரிடம் காட்டுங்கள்.