கடலில் இறங்காமல் குவாதலூப் சுற்றலாமா? கேள்விகளும் என் பதில்களும்

காரைக்காலில் பிறந்தவள், பாரிஸில் படித்தவள், இப்போது வேலை நிமித்தம் குவாதலூப்பில் இருக்கிறேன். விடுமுறை நாளென்றால் காலில் சேறில்லாமல் வீடு திரும்பியது கிடையாது. கரீபியன் தீவு என்றதும் எல்லாரும் கடற்கரைப் படத்தைத்தான் பார்க்கிறார்கள், நான் மலையைப் பற்றியே பேசுகிறேன் என்பதால் கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அக்கா, ஐந்து நாள்தான் இருக்கிறது. மணலில் படுத்துக் கிடக்க எனக்குப் பொறுமை கிடையாது. எந்தப் பக்கம் தங்கலாம்?

வரைபடத்தைப் பாருங்கள் தம்பி, தீவு பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும். கிழக்குச் சிறகு கிராந்த்-தேர், சுண்ணாம்புக்கல் தரை, தட்டையானது, ஹோட்டல்களும் மணலும் பெரும்பாலும் அங்கேதான். மேற்குச் சிறகு பாஸ்-தேர், எரிமலை, காடு, அருவி எல்லாம் இங்கே. 'பாஸ்' என்றால் பிரெஞ்சில் தாழ்வானது, ஆனால் தீவிலேயே உயரமான நிலம் இதுதான். பாய்மரக் காலத்துக் கப்பல்காரர்களுக்குக் காற்று மறைந்த பக்கம் 'தாழ்ந்தது', அந்தக் கணக்கில் வைத்த பெயர். நீங்கள் சேன்-குளோத், த்ருவா-ரிவியேர், கபெஸ்தேர் இவற்றில் ஒன்றில் தங்குங்கள். கிழக்கே தங்கிவிட்டுத் தினமும் மலைக்கு ஓட்டிக்கொண்டு வந்தால் காலை நேரம் முழுக்க புவந்த்-அ-பித்ர் டிராஃபிக்கில் போய்விடும், இங்கே காலை நேரம்தான் எல்லாமே.

சூஃப்ரியேர் எரிமலை ஏறுவது எவ்வளவு கஷ்டம்? எனக்கு வயது 46, வாரத்தில் மூன்று நாள் நடப்பேன், மலை ஏறிப் பழக்கமில்லை.

ஏறலாம். உயரம் 1,467 மீட்டர், சிறிய அன்டிலீஸ் தீவுகளிலேயே உயர்ந்த சிகரம், ஆனால் வண்டி கிட்டத்தட்ட 950 மீட்டர் வரை போய்விடும். வண்டியை விடும் இடத்தின் பெயர் பேன் ஜோன், 'மஞ்சள் குளியல்', வெந்நீர் ஊற்றுத் தொட்டி ஒன்று இருக்கிறது. அங்கிருந்து கல் பாவிய பழைய பாதையில் காட்டுக்குள் அரை மணி நேரம் ஏறினால் சவான் அ முலே என்ற வெட்டவெளி வரும். மரம் அங்கேயே முடிந்துவிடுகிறது, அதற்கு மேல் பாசியும் புதரும் பாறையும்தான். பிறகு மலையைச் சுற்றிக்கொண்டு ஏறும் 'பெண்கள் பாதை'. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், கடைசிப் பகுதியில் கையையும் ஊன்ற வேண்டியிருக்கும். ஏறி இறங்க மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கஷ்டம் ஏற்றத்தில் இல்லை, மேலே அடிக்கும் காற்றிலும் மழையிலும்தான். உச்சியில் வருடத்துக்கு ஏறக்குறைய 10 மீட்டர் மழை பெய்கிறது, மில்லிமீட்டர் இல்லை, மீட்டர். கீழே 30 டிகிரியில் வியர்த்துக்கொண்டு கிளம்பியவர் மேலே பல் கிட்டிப்போய் நிற்பார். முதல் தடவை நான் பருத்திச் சட்டையோடு, பத்து மணிக்குத்தான் ஏறத் தொடங்கினேன். உச்சியில் என் கையையே எனக்குச் சரியாகத் தெரியவில்லை, வாயில் அழுகிய முட்டை நாற்றம், அவ்வளவுதான் நான் கண்ட காட்சி. இப்போதெல்லாம் ஆறரைக்கு நடை. அப்படியும் இரண்டில் ஒரு தடவை மேகம்தான். காட்சி கிடைக்காவிட்டால் பரவாயில்லை என்று நினைப்பவர்தான் இந்த மலைக்கு ஏற்றவர். உச்சிக்குப் போயே தீர வேண்டும் என்று வருபவர்கள்தான் மூடுபனியில் வழி தவறுகிறார்கள்.

மேலே வாயு கக்கும் துவாரங்களின் பக்கம் கயிறு கட்டித் தடுத்திருப்பார்கள். ஒரு போட்டோவுக்காக அதைத் தாண்டிப் போகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். அது வெறும் நீராவி இல்லை, கந்தக வாயுவும் அமிலமும் கலந்தது. ஆஸ்துமா இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் சவான் அ முலேயோடு திரும்பிவிடுவது நல்லது, அதுவரை வருவதே அழகான நடை.

எரிமலை வெடித்தால்?

இந்தக் கேள்வி இங்கே சாதாரணமானது இல்லை. 1976இல் சூஃப்ரியேர் வெடித்தது. நெருப்புக் குழம்பு வரவில்லை, நீராவியும் சாம்பலும்தான். அந்த ஆகஸ்டில் சுமார் 73,000 பேரை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள், மாதக்கணக்கில். ஆபத்தா இல்லையா என்று ஹாரூன் தாசியேஃப், குளோத் அலேக்ர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஊரறியச் சண்டை போட்டார்கள், கடைசியில் பெரிய வெடிப்பு வரவே இல்லை. அன்று வெளியேறியவர்கள் இன்றும் அதைக் கோபமும் சிரிப்புமாகச் சொல்வார்கள். 1999 முதல் மலை மஞ்சள் எச்சரிக்கையில்தான் இருக்கிறது, ஆய்வுக்கூடம் இரவும் பகலும் கவனிக்கிறது. ஏறும் நாளன்று பாதை திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்கள் மலையை 'கிழவி' என்றுதான் தங்கள் பேச்சுமொழியான கிரேயோலில் சொல்கிறார்கள்.

கார்பே அருவிகள் மூன்றில் எதற்குப் போகலாம்?

இரண்டாவதுக்கு எல்லாரும் போவார்கள், நீங்களும் போங்கள். 110 மீட்டர், வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து இருபது நிமிஷம், நல்ல பாதை. ஆனால் பார்க்கும் மேடையோடு சரி. 2004 நவம்பர் நிலநடுக்கத்துக்குப் பிறகு பாறை சரிவதால் அருவியின் அடிக்குப் போவதைத் தடுத்துவிட்டார்கள். முதல் அருவி 115 மீட்டர், அதே இடத்திலிருந்து பிரியும் பாதையில் போய்வர அரை நாள் ஆகும், வேரும் சேறும் ஏணியுமாக இருக்கும். எனக்குப் பிடித்தது அதுதான். மூன்றாவது வெறும் 20 மீட்டர், அதற்குக் கீழேயிருந்து தனி வழி. 1493இல் கொலம்பஸ் கடலிலிருந்தே பார்த்து அதிசயித்தது இந்தக் கார்பே அருவிகளைத்தான் என்பார்கள், காலையில் வானம் தெளிவாக இருந்தால் கபெஸ்தேர் சாலையிலிருந்தே இரண்டு வெள்ளைக் கோடுகள் தெரியும், நம்பலாம் போலிருக்கும்.

ஏழு வயதுப் பையனும் முழங்கால் வலி உள்ள அம்மாவும் கூட வருகிறார்கள்.

காட்டுக்கு நடுவே போகும் லா திராவெர்சே சாலையில் போங்கள். எக்ரவீஸ் அருவி சாலையிலிருந்து பத்து நிமிஷம்கூட இல்லை. அதே சாலையில் மாமெல் மிருகக்காட்சிச் சாலையில் மர உச்சிகளுக்கிடையே தொங்கு பாலம் கட்டியிருக்கிறார்கள், பையன் இறங்க மாட்டான். த்ருவா-ரிவியேரில் பழங்குடிகள் பாறையில் செதுக்கிய முகங்களைப் பார்க்கலாம், தோட்டம் மாதிரி நிழலான இடம். கிழக்குக் கோடியில் புவந்த் தே ஷாத்தோ, சிலுவை நிற்கும் குன்றுக்குப் பையனை ஏற்றிக் கூட்டிப் போங்கள், அம்மா கீழே கடலைப் பார்த்துக்கொண்டு உட்காரட்டும்.

பாம்பு?

விஷப் பாம்பே கிடையாது. பக்கத்துத் தீவான மார்த்தினிக்கில் உண்டு, இங்கே இல்லை. பயப்பட வேண்டியவை வேறு. கடற்கரை ஓரத்தில் மான்சனிலியே என்ற மரம், பச்சைச் சிறு ஆப்பிள் மாதிரி காய், அடிமரத்தில் பெரும்பாலும் சிவப்புப் பட்டை பூசியிருப்பார்கள். மழைக்கு அதனடியில் ஒதுங்கினால் சொட்டும் தண்ணீரே தோலைக் கொப்பளிக்க வைக்கும், காயைக் கடிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அப்புறம் ஆறு. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மலையில் மழை பெய்திருந்தால் தண்ணீர் திடீரென்று பெருகும், நிறம் கலங்கினால் யோசிக்காமல் கரையேறுங்கள். இயற்கை வெந்நீர்த் தொட்டிகளில் தலையை முக்காதீர்கள், மூக்கு வழியாக மூளைக்குப் போகும் அமீபா இருக்கிறது, 2008இல் ஒரு குழந்தை இறந்தது. கழுத்துவரை உட்காருவது போதும்.

கார் இல்லாமல் முடியுமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் பஸ் உண்டு, ஞாயிறன்று அதுவும் தேடினாலும் கிடைக்காது, பாதைகள் தொடங்கும் இடத்துக்கு எப்போதுமே இல்லை. வலப்பக்க ஓட்டம், நம் பக்கத்துக்கு நேர்மாறு. நான் முதலில் எடுத்த வாடகை வண்டிக்கு மலைச் சரிவில் கை பிரேக் நிற்கவில்லை, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு அருவி பார்க்கப் போனேன். சாவி வாங்கும்போதே ஒரு மேட்டில் நிறுத்திப் பாருங்கள்.

சைக்கிள் ஓட்ட வேண்டுமென்றால்?

மரி-கலாந்த் தீவு. புவந்த்-அ-பித்ரிலிருந்து படகில் ஒரு மணி நேரம். கரும்பு வயல், பழைய காற்றாலை, மாட்டு வண்டி, வண்டி நெரிசல் இல்லை. ஆனால் தட்டை என்று யார் சொன்னாலும் முழுக்க நம்பாதீர்கள், நடுவில் மேடு உண்டு. மூன்று ரம் ஆலைகள் இருக்கின்றன, அங்கே 59 டிகிரி, அதாவது 59 சதவீத ஆல்கஹால் உள்ள ரம் சர்வசாதாரணம், அதைச் சுவைத்துவிட்டு சைக்கிள் ஏறாதீர்கள். லே சேந்த் தீவுகளுக்குப் போனால் சைக்கிளை விட்டுவிட்டு 309 மீட்டர் ஷமோ குன்றை நடந்தே ஏறுங்கள், சிமென்ட் பாதைதான், ஆனால் நிழலே இல்லை. நெப்போலியன் கோட்டை மதியத்துக்குள் மூடிவிடும், அதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

அம்மா, அங்கே நம் கோவில்கள் உண்டு என்று கேள்விப்பட்டேன். நான் ஓய்வு பெற்ற ஆசிரியர், அதற்காகவே வரலாமா?

வாருங்கள் ஐயா. 1854 டிசம்பரில் 'ஒரேலி' கப்பலில் முதல் கூலித் தொழிலாளர்கள் வந்து இறங்கினார்கள். 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர், நிறையப் பேர் புதுச்சேரி, காரைக்கால் வழியாக. அடிமை முறை 1848இல் ஒழிந்ததும் கரும்பு வெட்ட ஆள் தேவைப்பட்டது, அதுதான் காரணம். கபெஸ்தேரில் பெருஞ்சாலை ஓரத்திலேயே ஷான்ஜி கோவில், வண்ணக் கோபுரம், மாரியம்மனை 'மாலியெமேன்' என்பார்கள், மதுரை வீரன் 'மால்தெவிலேன்'. பூசையில் தமிழ்ப் பாட்டு பாடுவார்கள், ரோமன் எழுத்தில் எழுதிவைத்துத் தலைமுறைகளாக வந்தது, பாடுகிற பலருக்குத் தமிழ் பேச வராது. முதல் தடவை கேட்டபோது எனக்குப் பாதி புரிந்தது, பக்கத்தில் நின்ற பாட்டி என்னிடம் 'உனக்கு அர்த்தம் தெரியுமா' என்று பிரெஞ்சில் கேட்டார், தெரிந்த வரிகளைச் சொன்னேன். ஆடு பலியிடுவதும் உண்டு, மனம் ஒப்பாவிட்டால் விழா நாளைத் தவிர்த்து விடுங்கள். இதே ஊர்க்காரர் ஆன்றி சிதம்பரம், இந்திய வம்சாவளியினருக்கு வாக்குரிமை கேட்டு 1904இல் தொடங்கிய வழக்கு 1923 வரை போனது.

சைவம் மட்டும் சாப்பிடுபவர் பிழைக்க முடியுமா?

சமைக்கும் வசதியுள்ள வீடு எடுத்தால் தாராளமாக. கடையில் கொலம்போ என்று நம் குழம்பின் தூரத்துச் சொந்தம் ஒன்று கிடைக்கும், ஆனால் ஆட்டுக்கறி அல்லது கோழி. அக்ரா என்ற பஜ்ஜியில் மீன். பொக்கி என்ற பொரித்த ரொட்டியில் சீஸும் முட்டையும் வைக்கச் சொல்லலாம். சந்தையில் கிறிஸ்தொஃபின் என்று விற்பது சாட்சாத் சௌசௌ. பரங்கி, கறிப்பலா, வாழை எல்லாம் உண்டு. உணவகத்தில் சௌசௌ கிராத்தேன் கேட்டால் பன்றித் துண்டு போட்டிருக்கிறதா என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

எந்த மாதம்? ஷெங்கன் விசா போதுமா?

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, அதுதான் மழை குறைந்த காலம். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம். பாஸ்-தேரின் கிழக்குச் சரிவில் கொட்டினால் மேற்குக் கரைக்கோ கிராந்த்-தேருக்கோ வண்டியைத் திருப்புங்கள், அங்கே வெயிலாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. விசா விஷயத்தில் கவனம்: குவாதலூப் பிரான்ஸ்தான், யூரோதான், ஆனால் ஷெங்கன் பகுதிக்குள் இல்லை. சாதாரண ஷெங்கன் விசாவை நம்பி டிக்கெட் போடாதீர்கள். விண்ணப்பிக்கும்போதே கடல் கடந்த மாகாணங்களுக்கும் செல்லுபடியாகுமா என்று பிரெஞ்சுத் தூதரகத்தில் கேட்டு முடித்துவிடுங்கள்.

கடைசியாக, ஷூ என்ன மாதிரி?

நனையாத ஷூ என்று எதுவும் இங்கே கிடையாது, பணத்தை வீணாக்காதீர்கள். அடிப்பாகம் நன்றாகப் பிடிக்க வேண்டும், சீக்கிரம் காய வேண்டும். இரண்டு ஜோடி கொண்டு வாருங்கள், முதல் ஜோடி மறுநாள் காலைக்குள் காய்ந்திருக்காது.