பாட்டுப் பெட்டி: எதுகைக்காக அம்மாவை எடுக்கலாமா?

கேள்வி: நான் எழுதும் பாட்டில் எதுகை அமைவதே இல்லை. "கட்டுரையை மடக்கிப் போட்டிருக்கிறாய்" என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். எதுகை இல்லாமல் பாட்டு எழுதவே கூடாதா? முதலில் எழுதியதையும், அவர்கள் சொன்ன பிறகு திருத்தியதையும் அனுப்பியிருக்கிறேன்.
– கல்லூரி மாணவர், தேனி

பதில்: இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், தம்பி. முதல் தாளில் இருப்பது இது:

மழை நின்ற பிறகும்
கூரை சொட்டுகிறது
அம்மா போன பிறகும்
அடுப்பு சுடுகிறது

திருத்திய தாளில் இது:

மழை நின்ற பிறகும்
கூரை சொட்டுகிறது
இழை அறுந்த பிறகும்
இதயம் கட்டுகிறது

மழைக்கு இழை, சொட்டுக்குக் கட்டு. இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதுதானே எதுகை, அது கச்சிதம். ஆனால் எந்த இழை அறுந்தது? இதயம் எதைக் கட்டுகிறது? இதெல்லாம் உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். எதுகைக்கு இடம் விட்டு அம்மா வீட்டைவிட்டே போய்விட்டார். அடுப்பும் அவரோடு போய்விட்டது. முதல் தாளை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் தாளில் ஓசை ஒன்றுமே இல்லை என்று யார் சொன்னது? 'அம்மா'வும் 'அடுப்பு'ம் மோனை, அதாவது முதல் எழுத்து ஒன்றுகிறது. 'சொட்டு', 'சுடு' அதுவும் மோனைதான். உ, ஊ, ஒ, ஓ நான்கும் மோனைக்கு ஓரினம். 'பிறகும்' இரண்டு முறை வந்து காதைக் கட்டிப்போடுகிறது. நீங்கள் தெரியாமல் செய்ததை, தெரிந்து கெடுத்திருக்கிறீர்கள். நானும் செய்திருக்கிறேன், வெட்கப்பட வேண்டாம்.

நண்பர்கள் மறுபடி கிண்டல் செய்தால் குறுந்தொகையின் 40ஆம் பாட்டைக் காட்டுங்கள். 'யாயும் ஞாயும் யாரா கியரோ' என்று தொடங்குமே, பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். மொத்தம் ஐந்து அடி. அடிகளின் முதல் சொற்கள்: யாயும், எந்தையும், யானும், செம்புலம், அன்புடை. இரண்டாம் எழுத்து ஒரு ஜோடியில்கூட ஒன்றவில்லை. இது அகவல் என்ற பா வகை, அது எதுகையைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. ஆனால் அடிக்குள்ளே பாருங்கள்: யாயும் ஞாயும், எந்தையும் நுந்தையும், யானும் நீயும். ஜோடி ஜோடியாக மூன்று வரி. நான்காவது வரிக்கு வந்ததும் ஜோடி நின்றுபோகிறது. செம்மண்ணில் மழை விழுகிறது. இரண்டாக இருந்தது கலந்துவிட்ட இடத்தில் ஜோடி எதற்கு?

பாடுவதற்கு எழுதுகிறவர் எதுகையைவிட அதிகமாகக் கவலைப்பட வேண்டியது கடைசி எழுத்தைப் பற்றி. 'சொட்டுகிறது' என்று முடித்திருக்கிறீர்கள். கடைசியில் இருப்பது குற்றியலுகரம், குறுகி ஒலிக்கும் உகரம், அரை மாத்திரைதான் அதன் ஆயுள். டியூன் அந்த இடத்தில் நீண்டு நின்றால் பாடகர் 'சொட்டுகிறதூ' என்று இழுப்பார், வேறு வழி இல்லை. கேசட் காலத்தில் ஒரு பக்திப் பாட்டில் பல்லவியின் கடைசிச் சொல்லாக 'அழகு' என்று வைத்தேன். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. அந்த இடத்தில் எட்டு எண்ணிக்கைக்கு நீட்டிப் பிடிக்கும் கார்வை இருக்கிறது என்று யோசிக்கவில்லை. பாடகர் 'அழகூஊஊ' என்று பிடித்ததும் தபேலாக்காரர் கையை எடுத்துவிட்டு, "அக்கா, கோயிலுக்குள்ள ஆந்தை வந்துடுச்சு" என்றார். மைக்குக்கு முன்னாலேயே நின்று 'அழகா' என்று மாற்றினேன். முருகனைக் கூப்பிட்ட மாதிரியும் ஆயிற்று. நீங்களும் 'சொட்டுதே', 'சுடுதே' என்று பாடிப் பாருங்கள். ஏகாரம் எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். நாட்டுப்பாட்டெல்லாம் 'லே', 'னே', 'டா' என்று முடிவது சும்மா இல்லை.

கேள்வி: தாலாட்டில் அத்தை ஏன் அல்லிப்பூச் செண்டால் அடிக்கிறாள்? அல்லியில் செண்டு கட்டி நான் பார்த்ததே இல்லை.
– குடும்பத் தலைவி, கும்பகோணம்

பதில்: நானும் பார்த்ததில்லை. மோனைதான் காரணம். மாமனுக்கு மல்லிகை, தாத்தாவுக்குத் தாழம்பூ, பாட்டிக்குப் பால் வார்க்கும் கை. உறவின் முதல் எழுத்து பூவைத் தேடிக்கொள்கிறது. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு அப்போதைக்கப்போது கட்டுகிற பாட்டு இல்லையா? அடுத்த வரி எங்கே இருக்கிறது என்று மோனை கை காட்டிவிடும்.

சில வீடுகளில் அதே அத்தை 'அரளிப்பூச் செண்டாலே' அடிக்கிறாள். மோனை அப்படியே இருக்கிறது, ஆனால் அரளி விஷம். முதலில் அப்படிப் பாடிய அம்மாவுக்கும் நாத்தனாருக்கும் என்ன தகராறோ!

கேள்வி: எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்குப் பாட்டு எழுதுகிறேன். எல்லா வரியும் ஒரே மாதிரி முடிய வேண்டும் என்கிறார் தலைமையாசிரியர். செயற்கையாக இருக்காதா?
– ஆசிரியை, திருநெல்வேலி

பதில்: கேட்டதைக் கொடுத்துவிடுங்கள், டீச்சர். தமிழில் அது கிட்டத்தட்ட இலவசம். வந்தோம், நின்றோம், பாடுவோம், ஆடுவோம் என்று வினைமுற்றே வரிசையாக இயைபை, அதாவது வரிக் கடைசியின் ஒற்றுமையை, கொண்டுவந்து கொட்டும். நம் காதுக்கு அது பெரிதாகத் தெரியாததும் அதனால்தான். உழைப்பை வரியின் தொடக்கத்தில் போடுங்கள்.

பாரதி செய்ததைப் பாருங்கள்:

ஓடி விளையாடு பாப்பா – நீ
ஓய்ந்திருக்க லாகாது பாப்பா
கூடி விளையாடு பாப்பா – ஒரு
குழந்தையை வையாதே பாப்பா

முடிவில் 'பாப்பா' என்ற ஒரே சொல், அதில் அவருக்கு ஒரு சிரமமும் இல்லை. தொடக்கத்தில்தான் வேலை நடந்திருக்கிறது: ஓடிக்குக் கூடி எதுகை, ஓடிக்கு ஓய்ந்திருக்க, கூடிக்குக் குழந்தை மோனை. அறுபது பிள்ளைகள் சேர்ந்து பாடும்போது நடுவில் வரி மறந்த பிள்ளையும் 'பாப்பா' வந்ததும் சேர்ந்துகொள்ளும். தலைமையாசிரியர் கேட்பதிலும் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

கேள்வி: எதுகைச் சொற்களுக்கென்று நோட்டு வைத்திருக்கிறீர்களா?
– வாசகர், ஈரோடு

பதில்: இருக்கிறது. பழைய நாற்பது பக்க நோட்டு. 'ழை' என்ற தலைப்பில் மழை, இழை, பிழை, தழை, குழை, நுழை, கழை என்று எழுதி வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் ஏதோ ஒரு பாட்டில் செலவாகிவிட்டன. கழை மட்டும் இன்னும் அப்படியே கிடக்கிறது.