முன்காலில் அடிபட்டு ஆறிய குதிரை பாதி விலைக்கு வருகிறது, வாங்கலாமா?

நுவரெலியாவில் ரேஸ் ஓடி ஓய்ந்த குதிரை, போன வருடம் இடது முன்காலில் நரம்பு அடிபட்டது, இப்போது நல்ல சுகம் என்று தரகர் சொல்கிறார், திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் வெள்ளைக்காரரை ஏற்றிச் சவாரி விட வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சவாரிக்கு என்றால் வேண்டாம். பிள்ளைகள் ஏறி வளவுக்குள் மெதுவாக நடக்க மட்டும் என்றால் யோசிக்கலாம், அதுவும் ஸ்கேன் பார்த்த பிறகு.

குதிரைக்கு முழங்காலுக்குக் கீழே தசையே கிடையாது. எலும்பு, தசைநாண் (தசையை எலும்போடு பிணைக்கும் நார்), தோல், அவ்வளவுதான். உடம்புப் பாரத்தில் கிட்டத்தட்ட 60 வீதம் முன்கால்களில்தான் இறங்குகிறது. ரேஸ் குதிரையில் 'நரம்பு' என்று சொல்வது பெரும்பாலும் காலின் பின்பக்கமாக இறங்கும் தசைநாணைத்தான். இரத்த ஓட்டம் குறைந்த இடம் என்பதால் ஆற 9 மாதம், ஒரு வருடம்கூட எடுக்கும். ஆறினாலும் பழைய நெகிழ்வு திரும்பாது, தழும்பு விழுந்த இடத்திலோ அதற்குப் பக்கத்திலோ மறுபடி கிழிய நிறைய வாய்ப்பு உண்டு.

இதோடு எங்கள் ஊர் சீசனையும் சேர்த்துப் பாருங்கள். கார்த்திகை, மார்கழி மழைக்குச் சும்மா கட்டி நின்ற குதிரை, மே மாதம் ஆட்கள் வரத் தொடங்கியதும் திடீரென்று காலையும் மாலையும் வேலைக்கு இறங்கும், அந்தத் திடீர்தான் கெடுதல். தண்ணீர் ஓரத்து ஈர மணல் இறுக்கமாக இருக்கும், அது பரவாயில்லை; ஆனால் ஆட்களை ஏற்றி இறக்குவது மேலே ஹோட்டல் பக்கத்தில், அங்கே குளம்பு புதையும் காய்ந்த மணல், ஒவ்வொரு சவாரிக்கும் போக ஒருதரம் வர ஒருதரம் அதைக் கடந்தாக வேண்டும். பாரக் கணக்கும் இருக்கிறது. குதிரையின் எடையில் 20 வீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்பார்கள், 450 கிலோ குதிரைக்குச் சேணத்தோடு 90 கிலோ. வந்து நிற்கிற வெள்ளைக்காரரிடம் உங்கள் எடை எவ்வளவு என்று நீங்கள் கேட்கப் போவதில்லையே!

சரி, பார்க்கவாவது போகிறேன் என்றால் சொல்லாமல் விடியற்காலையில் போங்கள், குதிரை இன்னும் வெளியே வராத நேரம். முதலில் இரண்டு முன்கால்களையும் கையால் தொட்டு, எது சூடு என்று பாருங்கள். பிறகு காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகப் பெருவிரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள், நல்ல காலில் கயிறு மாதிரி ஒரே சீராக ஓடுவது அடிபட்ட காலில் ஓரிடத்தில் தடித்திருக்கும், அந்த இடத்தில் காலை இழுத்துக்கொண்டால் இன்னும் ஆறவில்லை. அப்புறம் தார் ரோட்டில் நேராக ஓட்டச் சொல்லிவிட்டுக் காலைப் பார்க்காமல் தலையைப் பாருங்கள்: நோகிற முன்கால் நிலத்தில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது கீழே வரும். நடையில் ஒளிகிற நொண்டல் ஓட்டத்தில் தெரிந்துவிடும். நீங்கள் போகும்போதே கால் நனைந்திருந்தாலோ, கட்டுப் போட்டிருந்தாலோ, இப்போதுதான் நடத்திவிட்டு வந்தோம் என்றாலோ இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். வலி மருந்து கொடுத்து நிறுத்தினால் நொண்டல் தெரியாது, அதனால் எப்படியும் இரண்டாம் முறை போவது நல்லது, மிருக வைத்தியரிடம் சொல்லி இரத்தமும் எடுத்துப் பார்க்கலாம். வைத்தியர் நீங்கள் கூட்டிப்போகிறவராக இருக்கட்டும், தரகர் கூட்டிவருகிறவர் வேண்டாம். இங்கே வைத்தியர்களுக்கு மாடும் ஆடும்தான் அதிகம், தசைநாண் ஸ்கேன் பற்றிப் பேராதனை மிருக வைத்திய பீடத்தில் விசாரியுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும், நொண்டுகிற எல்லாக் குதிரையும் மோசமில்லை. குளம்புக்குள் சீழ் கட்டினால் மூன்று காலில் நின்று பார்க்கவே பயமாக இருக்கும், சீழை வெட்டி வடித்துவிட்டால் அநேகமாகச் சில நாளில், மிஞ்சினால் இரண்டு மூன்று கிழமையில் நடந்துவிடும். சுகம் என்று சொல்லி விற்கும் இந்த ரேஸ் குதிரையைவிட அப்படி ஒன்றை நான் தைரியமாக வாங்குவேன்.

விலை பாதி என்றாலும் தீனி பாதி இல்லை. 450 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 7 முதல் 9 கிலோ காய்ந்த புல் வேண்டும், ஆடி ஆவணியில் பச்சையே இல்லாமல் கிடக்கும் ஊரில் அதை எங்கே எடுப்பது என்று முதலே பார்த்து வையுங்கள். ஏறினாலும் ஏறாவிட்டாலும் 6 முதல் 8 கிழமைக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும், அதற்கு ஆளையும் இப்போதே தேடுங்கள்.

தரகரிடம் ஸ்கேன் எடுக்கிறேன், செலவு என்னுடையது என்று சொல்லிப் பாருங்கள். மழுப்பினால் அட்வான்ஸ் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.