மகளுக்கு எந்த லேப்டாப்?

வணக்கம் சார்,

கோவில்பட்டியில் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிறேன். மகள் பி.இ. மெக்கானிக்கல் முடித்தவள். ஜெர்மனியில் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அக்டோபரில் வகுப்பு. கல்விக் கடன் வாங்கித்தான் அனுப்புகிறேன். அவளிடம் இருப்பது கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கிய 8 ஜிபி லேப்டாப். சாலிட்வொர்க்ஸ் திறந்தாலே திணறுகிறது, அன்சிஸ் பற்றிப் பேசவே வேண்டாம் என்கிறாள்.

பெங்களூரில் ஐ.டி.யில் இருக்கும் என் மைத்துனர், மேக்புக் வாங்கு, வருஷக்கணக்கில் உழைக்கும் என்கிறார். மகளின் சீனியர் ஒருவர் பெரிய கிராபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் லேப்டாப்தான் வேண்டும் என்கிறார், விலை ஒன்றே முக்கால் லட்சம். கடைக்காரர் மெல்லிசாக ஒன்றை எடுத்துக் காட்டி, “எல்லா சாஃப்ட்வேரும் நானே போட்டுத் தருகிறேன்” என்கிறார். அங்கே போய் வாங்கினால் மலிவு என்று இன்னொருவர். மகளே குழம்பிப் போயிருக்கிறாள். நீங்கள் இந்த மென்பொருள்களோடு வேலை பார்ப்பவர் என்று உங்கள் கட்டுரைகளில் படித்திருக்கிறேன். எதை வாங்குவது?

அன்புடன்,
ஒரு வாசகர் (பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள ஐயா,

மகளுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள்.

மைத்துனருக்கான பதில் எளிது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். மேக்புக் அருமையான இயந்திரம். உங்கள் மகளுக்கு மட்டும் ஆகாது. சாலிட்வொர்க்ஸ் விண்டோஸில்தான் ஓடும். அன்சிஸும் அதே வகை மென்பொருளான அபாகஸும் விண்டோஸ், லினக்ஸ் இரண்டில் ஓடும், மேக்கில் ஓடாது. முன்பு இன்டெல் சிப் இருந்த மேக்கில் விண்டோஸைத் தனியாக நிறுவிக்கொள்ள முடிந்தது. 2020 கடைசியில் ஆப்பிள் தன் சொந்த சிப்புக்கு மாறத் தொடங்கியது, அந்த மாடல்களில் அந்த வழி இல்லை. மேக்குக்குள்ளேயே விண்டோஸை ஓட்டும் பேரலல்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு விண்டோஸைக் கொண்டுவரலாமே என்று மைத்துனர் சொல்வார். ஆப்பிளின் சிப் ஆர்ம் என்ற வகை, எனவே வருவதும் ஆர்ம் வகைக்கான விண்டோஸ். இந்த மென்பொருள்களோ இன்டெல், ஏஎம்டி சிப்புகளுக்காக எழுதப்பட்டவை. அதில் இந்த மென்பொருள்கள் ஓடினாலும் அது அதிர்ஷ்டம்தான், தேர்வுக்கு முந்தின வாரம் நின்றுபோனால் கேட்க நாதியில்லை. மேட்லாப், பைதான் மட்டும் போதும் என்ற படிப்பாக இருந்தால் நானும் மேக் பக்கம்தான் நின்றிருப்பேன்.

இதே பொறி விண்டோஸ் லேப்டாப்பிலும் இருக்கிறது. 2024இலிருந்து ஸ்னாப்டிராகன் சிப் போட்ட மெல்லிசு லேப்டாப்கள் நிறைய வருகின்றன. பேட்டரி நாள் முழுக்க நிற்கும், எடை குறைவு, பார்க்கவும் லட்சணமாக இருக்கும். அவையும் ஆர்ம் வகைதான். கடைக்காரர் காட்டியது அதுவா என்று பாருங்கள். ஆம் என்றால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். இன்டெல் அல்லது ஏஎம்டி சிப்தான் வேண்டும்.

அடுத்து சீனியர் சொல்லும் ஒன்றே முக்கால் லட்சம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். பாதிப் பிள்ளைகள் பணத்தைத் தவறான இடத்தில் போடுவது இதில்தான்.

உங்கள் மகள் செய்யப்போகும் வேலை இரண்டு வகை. ஒன்று வரைவது: சாலிட்வொர்க்ஸிலோ கேட்டியாவிலோ ஒரு பாகத்தை உருவாக்குவது, திருப்பிப் பார்ப்பது. இதற்கு ப்ராசஸரில் எத்தனை கோர் என்பதைவிட, ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதுதான் முக்கியம். வரைகிற கணக்கில் பெரும்பகுதி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும், பத்து கோர் இருந்தாலும் ஒன்பது வேடிக்கை பார்க்கும். மாணவர்கள் வரையும் அளவுக்குச் சுமாரான கிராபிக்ஸ் கார்டே தாராளம்.

இரண்டாவது, கணக்குப் போடுவது. ஒரு இரும்புத் துண்டை ஆயிரக்கணக்கான குட்டித் துண்டுகளாகப் பிரித்து (மெஷ் என்பார்கள்) ஒவ்வொன்றின் மேலும் எவ்வளவு அழுத்தம் என்று அன்சிஸ் கணக்கிடும். அத்தனை சமன்பாடுகளும் ராமில் ஒரே நேரத்தில் விரிந்து கிடந்தால்தான் வேகம். உங்கள் அச்சகத்தில் தாள் முழுதும் மேசையில் கொள்ளாமல், ஒவ்வொரு தாளுக்கும் ஒருவர் குடோனுக்குப் போய் எடுத்து வந்தால் வேலை எப்படி ஓடும்? ராம் போதாமல் கணக்கு டிஸ்க்குக்கு வழியும்போது அதுதான் நடக்கிறது. சில நிமிடத்தில் முடிய வேண்டியது ராத்திரி முழுக்க ஓடும்.

சரி, கிராபிக்ஸ் கார்டு கணக்கை வேகப்படுத்தாதா? விளம்பரம் அப்படித்தான் சொல்லும். இந்த வகை அழுத்தக் கணக்குகளுக்கு இரட்டைத் துல்லியம் தேவை, அதாவது ஒவ்வொரு எண்ணையும் சுமார் இரு மடங்கு இலக்கங்களோடு கணக்கிட வேண்டும். விளையாட்டுக்காரர்களுக்கு விற்கும் என்விடியா ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் இரட்டைத் துல்லியக் கணக்கின் வேகம், ஒற்றைத் துல்லிய வேகத்தில் 64இல் ஒரு பங்குதான். அதாவது விலையுயர்ந்த கார்டின் பலம் இந்த வேலைக்குக் கிட்டத்தட்ட வந்து சேரவே சேராது. சீனியர் பொய் சொல்லவில்லை. ராத்திரியில் அவர் என்ன விளையாடுகிறார் என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள்!

அதற்காகக் கார்டே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். காற்றோட்டம், நீரோட்டம் பற்றிய பாடம் எடுத்தால் அன்சிஸின் ஃப்ளூயன்ட் மென்பொருளில் கார்டிலேயே கணக்கு ஓடும் முறை வந்திருக்கிறது. மெஷின் லேர்னிங் பாடம் இப்போது மெக்கானிக்கல் படிப்பிலும் நுழைந்துவிட்டது. இரண்டுக்கும் பெரும்பாலும் பயன்படுவது ‘கூடா’ (CUDA) என்ற என்விடியாவின் மென்பொருள் தளம், அது என்விடியா கார்டில் மட்டும்தான் ஓடும். ஆகவே என்விடியாவில் கீழ்த்தட்டு போதும்: ஆர்டிஎக்ஸ் 4050, 4060, அல்லது அவற்றுக்கு அடுத்த 5050, 5060. அதற்கு மேல் போகும் பணத்தை ராமுக்குத் திருப்புங்கள்.

ஒரு எச்சரிக்கை. லேப்டாப்பில் ஒரே பெயருள்ள கார்டு ஒரே கார்டு அல்ல. ஆர்டிஎக்ஸ் 4060ஐ 35 வாட்டிலும் ஓட்டலாம், 115 வாட்டிலும் ஓட்டலாம், அது லேப்டாப் கம்பெனியின் விருப்பம். மெல்லிசு உடம்புக்குள் வைத்தால் சூடு தாங்காது, எனவே வாட்டைக் குறைத்துவிடுவார்கள். பெட்டியின் மேல் பெயர் மட்டும் மின்னும். ப்ராசஸரிலும் இதே கதை: இன்டெல் பெயரின் கடைசியில் யூ இருந்தால் பேட்டரியை மிச்சம் பிடிக்கிற வகை, எச் அல்லது எச்எக்ஸ் இருந்தால் உழைக்கிற வகை. எச் வாங்குங்கள். எச்எக்ஸ் வகையோடு வரும் உடம்பும் சார்ஜரும் கனம், தினமும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலையப்போவது அவள்.

ராம் 32 ஜிபி. 16இல் தொடங்கி அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம் என்று முன்பெல்லாம் நானே சொல்வதுண்டு. இப்போது சொல்வதில்லை. ஒன்று, பல லேப்டாப்களில் ராமை போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள், மாற்றவே முடியாது. இரண்டு, 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்கள் வாரிக்கொண்டு போனதில் நம்மைப் போன்றவர்களுக்கு மிஞ்சியது குறைவு. இரண்டு ஸ்லாட் உள்ள மாடலா என்று கேட்டு, 32ஆகவே வாங்கிவிடுங்கள். பட்ஜெட் இடித்தால் கார்டில் ஒரு படி இறங்குங்கள், ராமில் இறங்காதீர்கள். எஸ்எஸ்டி 1 டிபி, இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

இந்த லேப்டாப்பில் பெரிய கணக்குகள் ஓடுமா என்று மகள் கேட்பாள். ஓடாது. ஓடவும் வேண்டாம். அதற்குத்தான் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் சிஐபி பூல் என்று மாணவர்களுக்கான கணினி அறைகள் உண்டு, உரிமம் பெற்ற மென்பொருள்கள் அவற்றில் இருக்கும். ஆகனில் கிளெய்க்ஸ் என்று ஒரு பெரிய கணிப்பொறித் தொகுதியே இருக்கிறது. ஆய்வேட்டுக் காலத்தில் அவள் சேரும் துறையின் வழியாக அதில் இடம் கேட்கலாம். துறையில் மாணவ உதவியாளர் வேலை கிடைத்தால் (ஹிவி என்பார்கள்) அங்கேயே உட்கார ஒரு நல்ல கணினியும் கிடைக்க வாய்ப்புண்டு. வீட்டுப்பாடத்துக்கு அன்சிஸ் மாணவர் பதிப்பு இலவசம். மெஷ் அளவுக்கு அதில் வரம்பு உண்டு. அந்த வரம்புக்குள் வருகிற கணக்கை நான் சொன்ன 32 ஜிபி லேப்டாப் சிரமமில்லாமல் போடும். அதாவது, அவள் தன் மேசையில் செய்யப்போகிற வேலைக்கு ஒரு லேப்டாப் வேண்டும், அவ்வளவுதான். ஆய்வேட்டின் கடைசி மாதத்தில் வரக்கூடிய பூதாகாரக் கணக்கை நினைத்து இன்றைக்கே ஒன்றே முக்கால் லட்சம் எண்ணி வைப்பது வீண்.

வாங்குவதற்கு முன் மகள் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அவளுடைய படிப்புக்கு மொடூல்ஹாண்ட்புக் என்ற பாடக் கையேடு பல்கலைக்கழக இணையதளத்தில் கிடைக்கும். எந்தப் பாடத்தில் எந்த மென்பொருள் என்று அதில் தேடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அங்கே இரண்டாம் ஆண்டில் இருக்கும் தமிழ்ப் பிள்ளை யாரையாவது பிடித்துக் கேட்கலாம். “எந்த லேப்டாப் நல்லது” என்று கேட்டால் அவரவர் வைத்திருப்பதைத்தான் சொல்வார்கள். “முதல் செமஸ்டரில் எதைத் திறந்தீர்கள்” என்று கேட்கட்டும். சாலிட்வொர்க்ஸைத் தொடாமலேயே போகலாம். ஜெர்மன் கார் கம்பெனிகளில் கேட்டியாவும் சீமென்ஸின் என்எக்ஸும்தான் ஆட்சி, மெர்சிடிஸ்காரர்கள் கேட்டியாவை விட்டு என்எக்ஸுக்கே மாறியவர்கள். எதுவானாலும் விண்டோஸில் ஓடும், நம் முடிவு மாறாது.

இங்கே வாங்குவதா, அங்கேயா? இங்கேதான். அங்கே மலிவு என்பது புது லேப்டாப்பில் பெரிதாக இல்லை. அங்கே விலையில் 19 சதவீத வரி சேர்ந்திருக்கும், இங்கே ஜிஎஸ்டி 18. மலிவாகக் கிடைப்பது ஆபீஸ்களில் ஓடி முடித்துச் சீர்செய்து விற்கும் பழைய மாடல்கள், அவற்றில் நல்ல கார்டு இருப்பது அபூர்வம். அதைவிடப் பெரிய காரணம் பணம் கைக்கு வரும் விதம். விசாவுக்காக முடக்கக் கணக்கில் நீங்கள் கட்டும் 11,904 யூரோ, மாதம் 992 யூரோவாகத்தான் அவள் கைக்கு வரும். வாடகை, காப்பீடு, சாப்பாடு எல்லாம் அதற்குள். போய் இறங்கிய மாதத்தில் அதிலிருந்து லேப்டாப் வாங்க முடியாது.

கீபோர்டும் ஒரு காரணம், சிரிக்காதீர்கள். ஜெர்மன் கீபோர்டில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். மேட்லாப், பைதான், சி எதில் எழுதினாலும் அடைப்புக்குறிகள் இல்லாமல் ஒரு வரி நகராது. சதுர அடைப்பும் நெளி அடைப்பும் அங்கே ஆல்ட்ஜிஆர் என்ற விசையோடு எண் விசையைச் சேர்த்து அழுத்தினால்தான் வரும். பழகிவிடும்தான். பழகுவதற்கு அவளுக்கு வேறு எவ்வளவோ இருக்கிறது.

அங்கே வாங்குவதில் உண்மையான லாபம் ஒன்றே ஒன்று: விற்ற கடைக்குச் சட்டப்படி இரண்டு வருடப் பொறுப்பு உண்டு. இங்கே வாங்கினால் அதை ஈடுகட்ட வேண்டும். சில கம்பெனிகள் சில மாடல்களுக்கு வெளிநாட்டிலும் வாரண்டி தருகின்றன, சில தருவதில்லை. கீழே விழுந்து உடைந்தால் பார்க்கிற கூடுதல் திட்டம் பெரும்பாலும் வாங்கின நாட்டுக்குள்தான் செல்லும். கடைக்காரர் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பாமல், மாடல் எண்ணைக் குறிப்பிட்டு, ஜெர்மனியில் சர்வீஸ் கிடைக்குமா என்று கம்பெனிக்கே மின்னஞ்சல் போட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வாங்குவதைப் பயண வாரம் வரை தள்ளாதீர்கள். ஒரு மாதமாவது முன்னால் வாங்கி, அன்சிஸ் மாணவர் பதிப்பைப் போட்டு மணிக்கணக்கில் ஓடவிட்டுப் பார்க்கட்டும். சூடேறித் தானே அணைகிறதா, விசிறி கத்துகிறதா, திரையில் கோடு விழுகிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். மாற்றித் தரச் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருப்பீர்கள். சீல் பிரிக்காத பெட்டியாகக் கொண்டு போகவும் கூடாது. விமானத்தில் வருபவர் கொண்டுவரும் புதுப் பொருளுக்கு அங்கே 430 யூரோவுக்கு மேல் போனால் சுங்கத்தில் வரி கேட்கலாம். படிக்கிற பிள்ளை கையில் புழங்குகிற லேப்டாப்பை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை, பில் மட்டும் பையில் இருக்கட்டும். கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும். விட்டுப்போனால் கூரியரில் அனுப்பிக்கொள்ளலாம் என்ற நினைப்பே வேண்டாம், பேட்டரி ஒரு தலைவலி, வரி இன்னொன்று.

சார்ஜரைப் பற்றிக் கவலையில்லை. அங்கேயும் 230 வோல்ட்தான், ப்ளக் மட்டும் வேறு. சார்ஜர் செங்கலிலிருந்து சுவருக்குப் போகும் வயரைக் கழற்ற முடியும் என்றால், அங்கே போய் அந்த வயரை மட்டும் சில யூரோவில் வாங்கிக்கொள்ளலாம். பெரிய சார்ஜருக்கு மலிவு அடாப்டரைச் செருக வேண்டாம். தனித் திரை ஒன்று கட்டாயம் தேவைப்படும், அதையும் அங்கேயே பழசாக வாங்கட்டும், க்ளைன்அன்சைகன் தளத்தில் கொட்டிக் கிடக்கும்.

கடைக்காரர் போட்டுத் தருவதாகச் சொன்ன “எல்லா சாஃப்ட்வேரும்” கிராக் பிரதிகள். கும்பிட்டு மறுத்துவிடுங்கள். இங்கே கல்லூரியில் யாரும் கண்டுகொள்வதில்லை. அங்கே காப்புரிமை விஷயத்தில் வக்கீல் நோட்டீஸ் வீடு தேடி வரும். டோரண்டில் ஒரு படம் இறக்கியதற்கே பணம் கட்டின மாணவர்கள் உண்டு. அதோடு, பல்கலைக்கழகமே மேட்லாப் போன்றவற்றைச் சட்டப்படி தருகிறபோது வைரஸைக் காசு கொடுத்து ஏற்றிக்கொண்டு போவானேன்? விண்டோஸ் ஒரிஜினலா என்பதை மட்டும் அவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும். கல்விக் கடனில் படிப்புக்குத் தேவையான கணினியும் அடங்கும், வங்கிகளின் மாதிரித் திட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. வாங்கிவிட்டு பில்லோடு போகாமல், கடையில் முதலில் கொட்டேஷன் வாங்கிக் கிளை மேலாளரிடம் காட்டிப் பேசிவிடுங்கள். கடன் தொகை ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்றால் இந்த வாரமே போவது நல்லது.

அன்புடன்.