ரமோன்ஸ் குழுவில் அப்படி என்னதான் இருக்கிறது?

"மூன்றே கார்ட், எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி. இவர்களைப் போய் பங்க் ராக்கின் முன்னோடி என்று ஏன் கொண்டாடுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். (கார்ட் என்றால் கிட்டாரில் சேர்த்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு; பங்க் ராக் என்றால் வேகமும் இரைச்சலுமான, அலங்காரமற்ற ராக் இசை.) இருபது வயதில் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு ஒரு நாள் விடுதி நண்பனின் கிட்டாரை இரவல் வாங்கி, அவர்களுடைய 'பிளிட்ஸ்கிரீக் பாப்' பாட்டோடு சேர்ந்து வாசித்துப் பார்த்தேன். இடது கைக்கு வேலை குறைவுதான். வலது கைதான் கெஞ்சியது. குழுவின் கிட்டார் கலைஞர் ஜானி ரமோன் கம்பிகளை மேலிருந்து கீழாக மட்டுமே அடிப்பார். நாமெல்லாம் மேலும் கீழுமாக மீட்டித் தப்பித்துக்கொள்ளும் வேகத்தில், அவருடைய ஒவ்வோர் அடியும் கீழ்நோக்கியே விழும். ஒரு நிமிடம் ஆவதற்குள் என் முன்கை கல்லாக இறுகிவிட்டது. பாட்டு மொத்தமே இரண்டேகால் நிமிடம்கூட இல்லை! அன்றோடு 'சுலபமான இசை' என்ற பேச்சை விட்டுவிட்டேன்.

1974இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், ஃபாரஸ்ட் ஹில்ஸில் உருவான குழு இது. நால்வரும் உறவினர்கள் அல்லர். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி ஒருகாலத்தில் வைத்துக்கொண்ட 'பால் ரமோன்' என்ற புனைபெயரிலிருந்து எடுத்துக் குடும்பப் பெயராகச் சூட்டிக்கொண்டார்கள். அப்போது ராக் கச்சேரி என்றால் நீண்ட கிட்டார் ஆலாபனை, டிரம்ஸுக்குத் தனி ஆவர்த்தனம் என்று நீண்டுகொண்டே போகும். இவர்கள் அதையெல்லாம் வெட்டி எறிந்தார்கள். 1976இல் வந்த முதல் ஆல்பத்தில் 14 பாடல்கள், மொத்தம் 29 நிமிடம். செலவு சுமார் 6,400 டாலர். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 111ஆம் இடத்தைத் தாண்டவில்லை.

ஆனால் அந்த ஜூலையில் லண்டனுக்குப் போய் வாசித்தபோது, பார்க்க வந்தவர்களில் பின்னால் பிரிட்டிஷ் பங்கின் பெரும் பெயர்களான க்ளாஷ், செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுக்களின் இளைஞர்களும் இருந்தார்கள். வித்துவான் ஆன பிறகுதான் மேடை ஏற வேண்டும் என்ற தயக்கம் பலருக்கு அதோடு போயிற்று.

எனக்குப் பிடித்தது வேகம்கூட அல்ல, பாடகர் ஜோயியின் குரல். ஆறரை அடி உயரம், முகத்தை மறைக்கும் முடி, கறுப்புத் தோல் ஜாக்கெட். பாடுவதோ அறுபதுகளின் பெண்கள் குழுக்கள் பாடிய காதல் பாட்டின் மெட்டு மாதிரி. அந்த இரைச்சலை விலக்கிப் பார்த்தால் உள்ளே இருப்பது தேன்மிட்டாய். (அந்த ஜோயியும் ஜானியும் பல ஆண்டுகள் பேசிக்கொள்ளாமலேயே ஒரே வேனில் ஊர் ஊராகப் போனார்கள் என்பது தனிக்கதை.)

1996இல் கலையும்வரை 2,263 கச்சேரிகள். அர்ஜென்டினாவில் ரிவர் பிளேட் விளையாட்டரங்கத்தை நிரப்பியவர்களுக்குச் சொந்த நாட்டில் பெரிய ஹிட் ஒன்று அமையவே இல்லை. அந்த முதல் ஆல்பத்துக்குத் தங்கத் தட்டு (அமெரிக்காவில் ஐந்து லட்சம் பிரதிகளுக்கான விருது) கிடைத்தது 2014இல், 38 ஆண்டுகள் கழித்து. தொடக்க நால்வரில் டிரம்ஸ் வாசித்த டாமி மட்டுமே அப்போது உயிரோடு இருந்தார். அவரும் அந்த ஜூலையில் இறந்தார்.

ஸ்டுடியோ ஆல்பங்கள் ஒட்டவில்லை என்றால், 1977 டிசம்பர் 31 அன்று லண்டன் கச்சேரியில் பதிவான 'இட்ஸ் அலைவ்' ஆல்பத்தைக் கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் 28 பாடல்கள். ஒரு பாட்டின் கைதட்டல் அடங்குவதற்குள் பேஸ் கிட்டார் வாசிக்கும் டீ டீ அடுத்ததற்கு "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று கத்திவிடுவார்.