அது மணத்தக்காளி இல்லை, பறிக்காதீங்க

பழத்தைச் சாப்பிடாதீங்க, வற்றலும் போடாதீங்க. இங்கிலாந்தில் காட்டோரம் பார்த்த செடி மணத்தக்காளியா என்று கேட்டிருக்கீங்க. இடுப்பளவு உயரம், செர்ரி அளவில் பளபளக்கும் கறுப்புப் பழம், ஒவ்வொன்றும் தனித்தனியாக என்று நீங்க சொல்வது பெல்லடோனா என்ற செடிக்குத்தான் பொருந்துது. கடும் விஷம். காய வைத்தாலும் வேக வைத்தாலும் போகாது.

குழப்பம் வரக் காரணம், இரண்டும் கத்தரிக் குடும்பம். ஆனால் பெல்லடோனா பல்லாண்டுச் செடி. குளிரில் தண்டு பட்டுப்போகும், வேரிலிருந்து அடுத்த வருஷம் அதே இடத்தில் துளிர்க்கும். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-ல் வைத்த பெயர் அட்ரோப்பா பெல்லடோனா. அட்ரோப்பாஸ் என்பவள் கிரேக்கக் கதையில் உயிர் நூலை அறுக்கும் தேவதை. நம் ஊரில் பூச்சிமருந்து குடித்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் போடும் அட்ரோப்பின் இந்தச் செடியின் பெயரால் வந்ததுதான்.

கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பழத்தின் அடியைப் பாருங்க:

1. ஐந்து பச்சை மடல்கள் பழத்தைவிட அகலமாக, நட்சத்திரம் மாதிரி விரிந்திருந்தால் பெல்லடோனா. மணத்தக்காளிக்குப் பட்டாணி அளவுப் பழம், கொத்தாக, சின்ன மடலோடு இருக்கும்.

2. பூ மங்கிய ஊதா மணியா? பெல்லடோனா. மணத்தக்காளிப் பூ சின்ன வெள்ளை நட்சத்திரம், நடுவில் மஞ்சள்.

நீங்க எழுதியதைப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன், செடியை நேரில் பார்க்கவில்லை. சந்தேகம் இருந்தாலும் விட்டுடுங்க. பழம் இனிக்கும், அதனால் குழந்தைகளை அந்தப் பக்கம் விடவே விடாதீங்க. யாராவது தின்றிருந்தால் வாய் வறளுதா, கண்மணி விரியுதா என்று காத்திருக்காமல் உடனே இங்கிலாந்தின் அவசர எண் 999-க்குப் போன் பண்ணுங்க.